லாமாவும் அதன் ஒட்டக உறவுகளும்: எதை எப்படி அறிவது, எப்படி நெருங்குவது

குடும்பத்துடன் பெரு நாட்டுக்குப் பயணம் செல்லவிருக்கும் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். லாமா, அல்பாக்கா, விக்குன்யா, குவானாக்கோ என்று நான்கு பெயர்கள் அடிபடுகின்றன, படத்தில் எல்லாம் ஒன்றாகவே தெரிகின்றன, ஒட்டகத்துக்கு உறவு என்கிறார்கள், ஆனால் திமிலே இல்லையே என்பது முதல் கேள்வி. லாமா மனிதர்மேல் துப்பும் என்கிறார்களே, பிள்ளைகளை அருகில் விடலாமா என்பது இரண்டாவது. கொங்கு நாட்டில் தமக்கு இருக்கும் தோட்டத்தில் ஒன்றை வாங்கி வளர்க்க முடியுமா என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், இந்த விலங்கை எந்த விலங்காக எண்ணிக்கொண்டு அணுகுவது என்ற ஒரே கேள்விதான் அடியில் இருக்கிறது. கம்பளி இருப்பதால் செம்மறியாக எண்ணுவதா, சுமை தூக்குவதால் குதிரையாக எண்ணுவதா, கண்ணும் முகமும் கனிவாக இருப்பதால் வீட்டுச் செல்லமாக எண்ணுவதா? ஒட்டகமாக எண்ணுங்கள் என்பதே என் பதில். மற்ற மூன்று எண்ணங்களும் மனிதருக்கோ விலங்குக்கோ கெடுதலில் கொண்டுபோய் விடுவதை என் தொழிலில் பார்த்து வருகிறேன். நான் கால்நடை மருத்துவர். பல ஆண்டுகளாக இங்கிலாந்தின் பண்ணைகளில் செம்மறிகளோடு லாமாக்களுக்கும் அல்பாக்காக்களுக்கும் மருத்துவம் பார்க்கிறேன். எனவே வளர்ப்பு மந்தைகளைப் பற்றி நான் சொல்வது கையால் தொட்டு அறிந்தது. காட்டில் திரியும் விக்குன்யாவையும் குவானாக்கோவையும் பற்றிச் சொல்வது படித்தும், தென் அமெரிக்காவின் ஆண்டிய மலைத்தொடரில் உள்ள நாடுகளின் மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்தது.

உறவு திமிலில் இல்லை, காலிலும் வயிற்றிலும் இருக்கிறது. திமில் என்பது கொழுப்புச் சேமிப்பு மட்டுமே; அதில் தண்ணீர் இல்லை. ஒட்டகத்திலேயே ஒரு திமில் உள்ளவையும் இரு திமில் உள்ளவையும் இருக்கின்றன என்பதால், குடும்பத்தைத் தீர்மானிக்கும் அடையாளமாக அதைக் கொள்ள முடியாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பாதத்தைக் குளம்பு மூடியிருக்கும். லாமாவின் பாதத்தை உயர்த்திப் பார்த்தால் இரண்டு விரல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நகம், அடியில் தடித்த மென்மையான திண்டு இருக்கும். உடலின் பாரத்தைத் தாங்குவது அந்தத் திண்டுதான். மணலில் ஒட்டகம் புதையாமல் நடப்பதும், ஆண்டிய மலைகளில் லாமா வழுக்காமல் ஏறுவதும், அது நடந்த மேய்ச்சல் நிலம் ஆட்டுக் கூட்டம் மிதித்ததைப் போலக் கிழிபடாமல் இருப்பதும் இந்த ஒரே அமைப்பினால்தான். வயிற்றைப் பார்த்தால் இவை அசைபோடும், உணவு முன்வயிற்றில் நுண்ணுயிர்களால் நொதிக்கும். ஆனால் மாட்டுக்கு உள்ள நான்கு அறைகளுக்குப் பதிலாக மூன்றே அறைகள் உள்ளன. அதனால் விலங்கியலார் இவற்றை ஆடுமாடுகளுடன் சேர்க்காமல் திண்டுப்பாதம் கொண்டவை என்ற தனிப் பிரிவில் வைக்கிறார்கள். பிளவுபட்ட மேலுதடு, கொம்பின்மை, முன்னங்கால்களை மடக்கி நெஞ்சைத் தரையில் பதித்து உட்காரும் முறை ஆகிய மூன்றையும் இந்தக் குடும்பத்தில் நீங்கள் எங்கே பார்த்தாலும் காண்பீர்கள்.

இந்தக் குடும்பத்தின் பிறப்பிடம் அரேபியாவும் இல்லை, ஆண்டிய மலையும் இல்லை, வட அமெரிக்கா. சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒட்டக முன்னோரின் எலும்புகள் அங்கேதான் கிடைக்கின்றன. குடும்பத்தின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தக் கண்டத்துக்குள்ளேயே நடந்து முடிந்தது. ஒரு கிளை, சுமார் 60 அல்லது 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய பெரிங் நீரிணை இருக்கும் இடத்தில் அப்போது இருந்த நிலப்பாலத்தைக் கடந்து ஆசியாவுக்குள் வந்து இன்றைய ஒட்டகங்களாயிற்று. இன்னொரு கிளை, சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலத்தொடர்பு உருவான பிறகு, தெற்கே இறங்கி லாமாவின் மூதாதையாயிற்று. பிறந்த மண்ணில் தங்கிய கிளைகள் கடைசிப் பனியூழியின் முடிவில், சுமார் 12,000 அல்லது 13,000 ஆண்டுகளுக்கு முன், அற்றுப்போயின. அதற்குக் காலநிலை மாற்றம் காரணமா, அப்போது பரவிய மனித வேட்டைக்காரர்கள் காரணமா என்பது இன்றும் வாதத்தில் இருக்கிறது. கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் சுமார் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய பேரொட்டகம் ஒன்றின் கால் எலும்புத் துண்டுகள் கிடைத்திருப்பதாக 2013ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் அங்கே காடு இருந்தது, குளிர்காலத்தில் பல மாதம் இருளும் இருந்தது. அகன்ற பாதம் பனியில் நடக்கவும் கொழுப்புத் திமில் நீண்ட குளிர்காலத்தைத் தாங்கவும் முதலில் உதவி, பின்னால் பாலைவனத்துக்கும் பொருந்தி வந்திருக்கலாம் என்று கண்டறிந்தவர்கள் கருதினார்கள். அது எனக்கு நம்பத் தகுந்ததாகவே தோன்றுகிறது, ஆனால் எலும்புத் துண்டிலிருந்து திமில் இருந்ததா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இத்தனை லட்சம் ஆண்டுகள் பிரிந்திருந்தும் உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். ஒட்டகம், லாமா, அல்பாக்கா, விக்குன்யா, குவானாக்கோ ஆகிய எல்லாவற்றுக்கும் குரோமோசோம்கள் 74தான். துபாயில் உள்ள ஒட்டக இனப்பெருக்க மையத்தில் ஆண் ஒட்டகத்தின் விந்தைப் பெண் லாமாவுக்குச் செயற்கை முறையில் செலுத்தி 1998ஆம் ஆண்டு ஒரு கலப்புக் கன்றை உயிருடன் பெற்றார்கள். அதற்குத் திமில் இல்லை. உடல் எடையில் இவ்வளவு வேறுபட்ட இரண்டு விலங்குகளைக் கலப்பதால் யாருக்கும் பெரிய நன்மை விளைந்ததாக எனக்குத் தெரியவில்லை, ஆயினும் உறவை மறுக்க முடியாத சான்று அது.

இரத்தத்தைப் பற்றி ஒரு தவறான விளக்கம் பரவலாக இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பாலூட்டிகளின் இரத்தச் சிவப்பணுக்கள் வட்டத் தட்டுகளாக இருக்கும். இந்தக் குடும்பத்தில் மட்டும் அவை நீள்வட்டமானவை. முதன்முறை இரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கும் மாணவர்கள் கண்ணாடித் தகட்டில் பூசும்போது பிழை செய்துவிட்டோமோ என்று திகைப்பார்கள். லாமாவின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை வலுவாகப் பற்றிக்கொள்வதால் 4,000 மீட்டர் உயரத்தில் அது சிரமமின்றி மூச்சுவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அணுக்களின் வடிவம் மலை வாழ்வுக்காகவே உருவானது என்று எழுதுவது சரியாகாது. கடல் மட்டத்தில் வாழும் அரேபிய ஒட்டகத்துக்கும் அதே நீள்வட்ட அணுக்கள்தான் உள்ளன. நீரின்றி வற்றிய ஒட்டகம் சில நிமிடங்களில் 100 லிட்டர் அளவுக்குக் குடிக்கும்போது, மற்ற விலங்குகளின் அணுக்கள் வெடித்துவிடும் நிலையில் இவை வீங்கித் தாங்குகின்றன. ஆகவே இது குடும்பத்தின் பழைய சொத்து. ஒரு கிளைக்குப் பாலையிலும் இன்னொரு கிளைக்கு மலையிலும் பயன்பட்டது என்று கொள்வதே பொருத்தம்.

இதே இரத்தத்தில்தான் மருத்துவ உலகத்துக்குப் பெரிய பயன் ஒன்றும் கிடைத்தது. பொதுவாக நோய் எதிர்ப்புப் புரதம் கனமான இரண்டு சங்கிலிகளும் இலேசான இரண்டு சங்கிலிகளும் சேர்ந்து அமையும். பிரசல்ஸ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் ரேமண்ட் ஹாமர்ஸ் குழுவினர், ஒட்டகத்தின் இரத்தத்தில் கனமான சங்கிலிகள் மட்டுமே கொண்ட எதிர்ப்புப் புரதங்களும் இருப்பதைக் கண்டு 1993ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். லாமாவிலும் அவை உண்டு. அவற்றின் நுனிப்பகுதியை மட்டும் பிரித்தால் மிகச் சிறிய, வெப்பத்தைத் தாங்கும், ஆய்வகத்தில் எளிதாகப் பெருக்கக்கூடிய மருந்து மூலக்கூறு கிடைக்கிறது. இரத்தம் நுண்குழாய்களில் உறைந்துபோகும் அரிய நோய் ஒன்றுக்கான காப்லாசிசுமாப் என்ற மருந்து இந்த வழியில் உருவாகி 2018ஆம் ஆண்டு ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

இனி, நான்கையும் எப்படி வேறுபடுத்துவது? முதலில் இரண்டிரண்டாகப் பிரியுங்கள். குவானாக்கோவும் விக்குன்யாவும் காட்டு விலங்குகள். லாமாவும் அல்பாக்காவும் மனிதர் வளர்ப்பவை. காட்டு விலங்குகளுக்கு நிறம் மாறாது. குவானாக்கோ எங்கே பார்த்தாலும் முதுகு செம்பழுப்பு, வயிறு வெள்ளை, முகம் சாம்பல். விக்குன்யா அதைவிடச் சிறியது, மெலிந்தது. 35 முதல் 65 கிலோவுக்குள் இருக்கும். உடல் பொன் கலந்த பழுப்பு நிறம், மார்பில் வெண்மயிர்க் கற்றை தொங்கும். எனவே கறுப்பு, வெள்ளை, புள்ளி, பட்டை என்று பல நிறங்களில் ஒரு மந்தை தெரிந்தால், அது வளர்ப்பு மந்தை என்று தயங்காமல் சொல்லலாம். வாழும் இடமும் துணைசெய்யும். விக்குன்யா 3,200 மீட்டருக்கு மேற்பட்ட உயர்நிலங்களில்தான் இருக்கும், தண்ணீருக்கு அருகிலேயே திரியும். குவானாக்கோ பெருவிலிருந்து தெற்கே கண்டத்தின் நுனிவரை, கடலோர வறள்நிலத்திலும் படகோனியப் புல்வெளியிலும் பரவியிருக்கிறது. நீங்கள் பெருவில் மட்டும் சுற்றினால் குவானாக்கோவைக் காண்பது அரிது. விக்குன்யாவை அரெகிப்பாவிலிருந்து கோல்கா பள்ளத்தாக்குக்குப் போகும் உயர்வழியில் வண்டியிலிருந்தே பார்க்க வாய்ப்பு உண்டு. பெரு நாட்டின் அரசுச் சின்னத்திலும் அது இருக்கிறது.

லாமாவையும் அல்பாக்காவையும் பிரிப்பதற்கு அளவும் காதும் முகமும் போதும். லாமா பெரியது, வளர்ந்த ஆண் 130 முதல் 200 கிலோ வரை எடை வரும், நிமிர்ந்து நின்றால் தலை மனிதன் உயரத்துக்கு எட்டும். அல்பாக்கா பெரும்பாலும் அதன் பாதி எடைகூட இருக்காது. லாமாவின் காது நீண்டு, வாழைப்பழம் வளைவதைப் போல உள்நோக்கி வளைந்திருக்கும். அல்பாக்காவின் காது குட்டையாக, நேராக, கூர்மையாக இருக்கும். லாமாவின் முகம் நீண்டது, மயிர் குறைந்தது, முதுகு நேரானது. அல்பாக்காவின் முகம் குட்டை, நெற்றியில் அடர்ந்த மயிர் கண்ணை மறைக்கும், பின்புறம் சரிந்து வால் தாழ்ந்திருக்கும். அல்பாக்காவில் இரண்டு வகை உண்டு. உப்பிய சுருள்மயிர் கொண்ட வகையை வகாயா என்றும், நீண்ட பளபளப்பான திரிகளாகத் தொங்கும் மயிர் கொண்ட வகையைச் சூரி என்றும் அழைக்கிறார்கள். சூரி குறைவாகவே காணப்படும். இவ்வளவும் தெரிந்த பிறகும் எதுவென்று சொல்ல முடியாத விலங்குகளை மந்தைகளில் நீங்கள் காண்பீர்கள். அது உங்கள் கண்ணின் குறை இல்லை. நான்கு இனங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து இனப்பெருக்கம் செய்யவல்ல கன்றுகளை ஈனும். ஆண் லாமாவுக்கும் பெண் அல்பாக்காவுக்கும் பிறப்பதற்கு அங்கே வாரிசோ என்று தனிப்பெயரே இருக்கிறது.

எது எதிலிருந்து வந்தது என்பதில் உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். லாமா குவானாக்கோவிலிருந்து வந்தது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பெருவின் நடு மலைப்பகுதியில் ஹுனின் உயர்நிலத்தில் உள்ள தெலார்மச்சாய் என்ற பாறைக்குடைவில் கிடைத்த எலும்புகளும் பற்களும், சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே வேட்டை வளர்ப்பாக மாறிவிட்டதைக் காட்டுகின்றன. அல்பாக்காவும் குவானாக்கோவிலிருந்தோ லாமாவிலிருந்தோ வந்தது என்றுதான் நெடுங்காலம் எழுதினார்கள். ஜேன் வீலர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட மரபணு ஆய்வு அது விக்குன்யாவிலிருந்து வந்தது என்று காட்டியது; அதன் அறிவியல் பெயரே அதன்பின் மாற்றப்பட்டது. ஆயினும் அதே ஆய்வு, இன்றைய அல்பாக்காக்களில் லாமாவின் கலப்பு மிக ஆழமாக இருப்பதையும் காட்டியது. வளர்ப்பு ஒரே இடத்தில் தொடங்கியதா, பல இடங்களில் தனித்தனியாகத் தொடங்கியதா, கலப்பு ஸ்பானியர் வருகைக்குப் பிறகு நேர்ந்ததா, அதற்கு முன்பே நெடுங்காலமாக இருந்ததா என்பவை இன்னும் முடிவாகாத கேள்விகள். உங்கள் வழிகாட்டி இவற்றில் ஏதாவது ஒன்றை அடித்துச் சொன்னால் மரியாதையுடன் கேட்டுக்கொள்ளுங்கள், முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள்.

இந்தக் கலப்புக்குப் பின்னால் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. சக்கர வண்டியும் குதிரையும் இல்லாத இன்கா பேரரசு, மலையைக் குடைந்த நெடுஞ்சாலைகளில் தன் தானியத்தையும் துணியையும் படைக்கருவிகளையும் லாமாவின் முதுகில்தான் கொண்டுசென்றது. ஒரு லாமா 25 அல்லது 30 கிலோ சுமக்கும், ஒரு நாளில் 20 கிலோமீட்டர் அளவுக்கு நடக்கும். அதற்குமேல் ஏற்றினால் காலை மடக்கி உட்கார்ந்துகொள்ளும், அடித்தாலும் எழாது. இறைச்சி வற்றலாயிற்று, தோல் கயிறாயிற்று, மரமில்லாத உயர்நிலத்தில் அதன் புழுக்கையே அடுப்பெரித்தது. பெருவின் தென்பகுதியில் எல் யாரல் என்ற இடத்தில், சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் பலியிட்டு வீட்டுத் தரைக்கடியில் புதைத்த லாமாக்களும் அல்பாக்காக்களும் வறண்ட மண்ணில் தோலும் மயிரும் கெடாமல் கிடைத்தன. அவற்றின் மயிர் இன்றைய மந்தைகளின் மயிரைவிட நுண்மையாகவும் ஒரே சீராகவும் இருப்பதை வீலர் கண்டார். இதழியலில் பழங்காலப் பெருமை பேசும் செய்திகளை நான் எளிதில் ஏற்பதில்லை. இது அளந்து பார்த்த முடிவு. 1532ஆம் ஆண்டு ஸ்பானியர் வந்த பிறகு போரும் நோயும் ஆடுமாடுகளின் மேய்ச்சல் போட்டியும் சேர்ந்து இந்த மந்தைகளை அழித்து, எஞ்சியவற்றை ஏழை மேய்ப்பர்களோடு மிக உயர்ந்த தரிசு நிலங்களுக்குத் தள்ளின. எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்று தலைமுறை தலைமுறையாகக் காத்த அறிவும் அந்த மேய்ப்பர்களோடு சிதறியது. பொட்டோசி மலையில் 1545ஆம் ஆண்டு வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்தத் தாதுவைச் சுமந்து இறக்கியதும் இதே லாமாக்கள்தான்.

விக்குன்யாவின் கதை வேறு. அதன் மயிர் 12 அல்லது 13 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான். விலங்கு மயிர்களில் மிக நுண்ணியவற்றுள் ஒன்று. இன்காக்கள் அதைக் கொல்லாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கானோர் கைகோத்து மலையை வளைத்து, ஓட்டிப் பிடித்து, மயிரைக் கத்தரித்துவிட்டு விடுவித்தார்கள். அந்தத் துணி அரச குலத்தாருக்கு மட்டுமே உரியது. பின்வந்தவர்கள் துப்பாக்கியால் சுட்டு எடுத்தார்கள். 1960களில் சில ஆயிரம் விலங்குகளே எஞ்சின. 1967ஆம் ஆண்டு பெருவின் ஆயகுச்சோ பகுதியில் பம்பா கலேராஸ் காப்பகம் அமைந்தது. 1975இல் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டது. பின்னர், உயிருடன் கத்தரித்த மயிரை மட்டும் விற்கும் உரிமையை அந்தந்த மலைக் கிராமங்களுக்கே தந்தார்கள். விலங்கு உயிரோடிருந்தால்தான் வருவாய் என்ற நிலை வந்ததும் கிராமங்களே காவலுக்கு நின்றன. இன்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட விக்குன்யாக்கள் இருக்கின்றன. சாக்கு என்ற அந்தப் பழைய வளைப்பு இப்போது ஆண்டுதோறும் பம்பா கலேராஸில் ஜூன் மாதத்தில் நடக்கிறது. உங்கள் பயண நாட்கள் ஒத்துவந்தால் வேறு எதைக் குறைத்துக்கொண்டாவது இதைப் பாருங்கள். ஒரு விலங்கிடமிருந்து கிடைப்பது கால் கிலோவுக்கும் குறைவான மயிர். அந்தத் துணியின் விலைக்கும் மயிரைக் கத்தரித்த கிராமத்துக்குச் சேரும் பணத்துக்கும் இடையே உள்ள தொலைவு நியாயமற்றது என்றே நான் கருதுகிறேன்.

துப்புவதைப் பற்றி. லாமா துப்பும் என்பது உண்மை. மனிதர்மேல் துப்புவது அதன் இயல்பு என்பது உண்மையில்லை. மந்தைக்குள் யார் முந்தி, யார் பிந்தி என்ற வரிசை எப்போதும் இருக்கும். தீவனத் தொட்டியில் ஒன்று எல்லை மீறினால் இன்னொன்று காதுகளைப் பின்னால் மடக்கும். அடங்காவிட்டால் மூக்கை வானத்தை நோக்கி உயர்த்தும். அதற்கும் அடங்காவிட்டால் வாயில் இருப்பதை ஊதும். கடைசியாக முன்வயிற்றிலிருந்து எதுக்களித்த பச்சைச் சாற்றைத் துப்பும். அந்தக் கடைசி நிலை அதற்கே கசப்பானது. துப்பிய பிறகு கீழுதடு தொங்க, வாயைத் திறந்தபடி நெடுநேரம் நிற்கும். சினையுற்ற பெண், தன்னை நெருங்கும் ஆணின்மேல் துப்பி விரட்டும். பண்ணையாளர்கள் அதையே முதல் சினைச் சோதனையாகக் கொள்கிறார்கள். நாங்கள் அதன்பிறகு ஸ்கேன் செய்து உறுதிப்படுத்துகிறோம். எனவே மனிதர்மேல் எச்சில் விழுவது பெரும்பாலும் இரண்டு விலங்குகளுக்கு இடையே மனிதர் நிற்கும்போதுதான். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை சிலவே: இரண்டு லாமாக்கள் தின்னும்போது நடுவே போக வேண்டாம், காது மடங்கி மூக்கு உயர்ந்தால் இரண்டடி பின்வாங்கினால் போதும், பின்புறமாகச் செல்ல வேண்டாம், ஏனெனில் பின்னங்காலால் உதைக்கும். தலையைத் தடவ வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாய் விரும்புவதைப் போலத் தலையைத் தொடுவதை இந்தக் குடும்பம் விரும்புவதில்லை. பக்கவாட்டில் அமைதியாக நின்றால் அது தானே கழுத்தை நீட்டி உங்கள் முகத்தை முகரும். அதுதான் அதன் வணக்கம். அடித்தொண்டையில் மெல்ல முனகினால் அது ஐயத்திலோ தனிமையிலோ இருக்கிறது என்று கொள்ளலாம்.

மனிதரை உண்மையாகவே காயப்படுத்தும் லாமா எது என்று என்னைக் கேட்டால், அஞ்சி வளர்ந்ததைச் சொல்ல மாட்டேன். அன்பு மிகுந்து வளர்க்கப்பட்டதையே சொல்வேன். தாயற்ற ஆண் கன்றைப் புட்டிப்பால் ஊட்டி, மந்தையிலிருந்து பிரித்து, வீட்டுப் பிள்ளையாக வளர்த்தால், அது மனிதரைத் தன் இனமாகவே எண்ணிக்கொள்கிறது. இரண்டு, மூன்று வயதில் ஆண்மை வந்ததும், மற்றோர் ஆணோடு போரிடுவதைப் போல மனிதரோடு போரிட வருகிறது: நெஞ்சால் மோதும், முழங்காலைக் கடிக்கும், மேலே விழுந்து அமுக்கும். வளர்ந்த ஆணின் வாயில் கத்தியைப் போலக் கூர்மையான ஆறு போர்ப்பற்கள் இருக்கும். இந்த நிலை முற்றிய பிறகு காயடிப்பதாலும் பெரும்பாலும் சரியாவதில்லை. உயிரை முடிக்கும்படி உரிமையாளர் அழுதுகொண்டு கேட்கும் நிலைக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன். பழி அந்த விலங்கைச் சேராது. ஆகவேதான் கன்றுக்குப் பால் ஊட்ட நேர்ந்தாலும் அதை மந்தைக்குள்ளேயே வைத்து ஊட்டுங்கள், கொஞ்சாதீர்கள் என்று வளர்ப்பவர்களிடம் ஓயாமல் சொல்கிறோம். குஸ்கோ நகரத் தெருக்களில் மரபுடை அணிந்தவர்கள் இளங்கன்றைக் கையில் ஏந்திப் புகைப்படத்துக்குப் பணம் கேட்பார்கள். அவர்களின் வறுமையை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பால்குடி மறவாத கன்றைத் தாயிடமிருந்து பிரித்து நாளெல்லாம் கைமாற்றுவதை ஊக்குவிக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வளர்ந்த லாமாவோடு மந்தையருகே நிற்பவருக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கலாம். மாச்சு பிச்சுவின் படிநிலங்களில் மேயும் லாமாக்களைத் தொடாமலே மிக அருகில் பார்க்கலாம்.

கன்று ஈனுவதைக் காண உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். சினைக்காலம் பதினொன்றரை மாதம் அளவுக்கு நீளும். பெரும்பாலும் ஒரே கன்று. தாய் காலையிலிருந்து பிற்பகலுக்குள் ஈனும், இரவில் ஈனுவது மிக அரிது; இரவுப் பனியில் ஈரமாகப் பிறக்கும் கன்று மலையில் பிழைக்காது என்பதால் இந்த வழக்கம் நிலைத்திருக்க வேண்டும். அதனால்தான் இருட்டிய பிறகு ஒரு லாமா முக்குகிறது என்று அழைப்பு வந்தால், கன்று தவறான நிலையில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே நான் கிளம்புகிறேன். மாட்டைப் போலத் தாய் கன்றை நக்காது. நாக்கு வாய்க்கு வெளியே அவ்வளவு நீளாது. கன்றின் உடலை ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு காற்றிலும் வெயிலிலும் உலர்ந்து தானே உதிரும். தாய் முனகியபடி முகர்ந்துகொண்டே இருக்கும், மந்தையின் மற்றப் பெண்களும் சுற்றி வந்து முகரும். எதிர்ப்புப் புரதங்கள் கருவிலேயே கடந்து வராததால் முதல் சில மணிநேரத்தில் சீம்பால் குடிப்பது உயிர்காக்கும் செயல்.

அங்கே துணி வாங்குவது பற்றிக் கேட்கவில்லை என்றாலும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். பேபி அல்பாக்கா என்று எழுதியிருந்தால் அது கன்றின் மயிர் என்று பொருளாகாது, நுண்மையின் தரவரிசை. மலிவாகக் குவிந்திருக்கும் சுற்றுலாக் கடைகளின் போர்வைகளில் பல, அக்ரிலிக் கலந்தவை அல்லது முழுதும் அக்ரிலிக்.

இறுதியாகத் தோட்டம். வேண்டாம் என்பதே என் தெளிவான பதில். லாமா தாங்காதது குளிரை இல்லை, ஈரமான வெப்பத்தை. மயிர் குறைந்த வயிற்றுப்பக்கத்தின் வழியாகத்தான் அது உடல்வெப்பத்தை வெளியேற்றுகிறது. இரவும் தணியாத புழுக்கத்தில் அந்த வழி அடைபட்டு, மூச்சிரைத்து, எழ முடியாமல் போய் இறக்கும். முதுகில் தண்ணீர் ஊற்றினால் நனைந்த மயிர் வெப்பத்தை உள்ளேயே அடைக்கும். வயிற்றிலும் கால்களிலும்தான் ஊற்ற வேண்டும். இது தெரியாத நல்லெண்ணமே கோடையில் பல விலங்குகளைக் கொல்கிறது. அடுத்து, நம் ஊர்களில் வேலியோரத்திலும் சாலை நடுவிலும் பூத்து நிற்கும் அரளி, லாமாவுக்குக் கொடிய நஞ்சு. கலிபோர்னியாவில் அரளித் தழை தின்று லாமாக்கள் இறந்த நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. மூன்றாவதாக, ஒன்றை மட்டும் வளர்ப்பது இந்த மந்தை விலங்குக்குச் சிறைவாசம். ஆடுகளைக் காக்கும் என்று கேள்விப்பட்டு நீங்கள் ஆசைப்பட்டிருக்கலாம். வட அமெரிக்காவில் காயடித்த ஒற்றை லாமா ஆட்டு மந்தையோடு ஒட்டிக்கொண்டு கொயோட்டி என்னும் சிறு ஓநாயை விரட்டுவது உண்மைதான். நாய்க் கூட்டத்தையோ சிறுத்தையையோ அது எதிர்த்து நிற்கும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. ஆண்டிய மலையிலேயே பூமாவுக்கு அது இரைதான்.

இந்தக் குடும்பத்தை நாட்டுக்குள்ளேயே நெருங்கிப் பழக விரும்பினால் அதற்கு வழி இருக்கிறது. பீகானேரில் 1984ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையத்தைப் பார்வையாளர்கள் சென்று காணலாம். லடாக்கின் நூப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் ஊரருகே இரு திமில் ஒட்டகங்கள் மேய்கின்றன. கட்ச் கரையோரத்தில் கடல்நீரில் நீந்திச் சென்று அலையாத்திக் காட்டில் மேயும் கராய் ஒட்டகங்கள் இருக்கின்றன. 2012க்கும் 2019க்கும் இடையே இந்தியாவின் ஒட்டக எண்ணிக்கை சுமார் 4 லட்சத்திலிருந்து இரண்டரை லட்சமாகச் சரிந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்கியதும், வண்டி இழுக்கும் வேலை டிராக்டருக்குப் போனதும் ராஜஸ்தானின் ராய்க்கா மேய்ப்பர்களை இந்த நிலைக்குத் தள்ளின. பெருவுக்குப் புறப்படும் முன் பீகானேருக்குச் சென்று, ஓர் ஒட்டகம் உட்காருவதையும் எழுவதையும் அசைபோடுவதையும் ஒரு பகல் பொழுது பிள்ளைகளோடு பொறுமையாகப் பாருங்கள். அதன்பின் ஆண்டிய மலையில் லாமாவைக் காணும்போது அதன் காலும் உதடும் உட்காரும் முறையும் உங்களுக்குப் புதியனவாக இருக்காது.